ஒரே ஒரு ஓட்டு விழுந்த ஊர்

ஓய்வு பெற்ற பிறகு என் செல்பேசிக்கு வருஷத்தில் இரண்டு முறைதான் மரியாதை. கார்த்திகை தீபத்துக்கு பாஸ் வாங்கித் தர முடியுமா என்று உறவுக்காரர்கள் விசாரிக்கும் வாரம் ஒன்று. வாக்காளர் பட்டியல் திருத்தம் வரும் மாதம் இன்னொன்று. இந்தத் தடவை வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கவேண்டும் என்று உத்தரவு வந்ததும், அலுவலகத்துப் பிள்ளைகள் தினமும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "சார், பூட்டின வீட்டுக்கு என்ன எழுதறது?" "சார், கல்யாணம் ஆகிப் போன பொண்ணை எந்த ஊர்ல சேர்க்கறது?" விதிப்புத்தகம் அவர்கள் மேசை மேலேயே கிடக்கிறது. அதைப் புரட்டுவதைவிட என்னைத் தொந்தரவு செய்வது சுலபம். சலித்துக்கொண்டே பதில் சொல்வேன், உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

போன வாரம் கூப்பிட்டவள் சுமதி. கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். அந்த ஊரின் வாக்குச்சாவடி நிலை அலுவலரும் அவள்தான். உள்ளூர்க்காரருக்கே அந்த வேலையைக் கொடுப்பது வழக்கம். யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அவருக்குத்தானே தெரியும்.

"சார், ஏழுமலைன்னு ஒரு பேரு. ஊர்ல எல்லாரும் செத்துட்டாருன்னு சொல்றாங்க. அப்படியே எழுதிடலாமா?"

"நீ என்னம்மா சொல்றே? நீயும் அந்த ஊருதானே?"

பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. "நாளைக்குக் காலைல நானே வரேன், அதுவரைக்கும் எதுவும் எழுதாதே" என்று சொல்லி வைத்தேன். ஏழுமலை என்கிற பேர் ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தபால் பதிந்து, பட்டா நகல் எடுத்துக் கொடுத்து, அந்தப் பயிற்சி இந்தப் பயிற்சி என்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து, ஒருவழியாகத் தேர்தல் பிரிவுத் துணை வட்டாட்சியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மீதி சர்வீஸ் முழுக்க அந்த நாற்காலிதான். தேர்தல் நாளில் மண்டல அலுவலராகப் பத்துப் பன்னிரண்டு வாக்குச்சாவடிகளைச் சுற்றி வருவேன். மற்ற நாளில் பேர் சேர்ப்பேன், பேர் நீக்குவேன். இவ்வளவுதான் என் உத்தியோகம்.

அப்படி நான் மண்டல அலுவலராக இருந்த ஒரு நாடாளுமன்றத் தேர்தலில்தான் சுமதியின் ஊர் ஓட்டுப் போடவில்லை. ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் பிணத்தை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒருமுறை பாடை கைநழுவி, உடலைத் தேடி ஓடையோரமாக வெகுதூரம் ஓடியிருக்கிறார்கள். ஓட்டு கேட்டு வந்த ஒவ்வொருவரும் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஜெயித்தவர் யாரும் திரும்பி வரவில்லை. கடைசியில் ஊர் கூடி, கோயில் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தது. யாரும் வாக்குச்சாவடிப் படி ஏறக்கூடாது. ஏறினவர் ஊருக்குச் செத்தவர்.

நாங்கள் போய்ப் பேசினோம். மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தேர்தல் அன்று பகலில் போனபோது பள்ளிக்கூட வாசலில் ஈ காக்கா இல்லை. கட்சி ஏஜென்டுகள்கூட வரவில்லை. சாயங்காலம் இயந்திரத்தை எடுக்கப் போனேன். தலைமை அலுவலர் கணக்குத் தாளை நீட்டினார்.

"ஒண்ணு சார்."

"யாரு?"

"ஒரு அம்மா. ரெண்டு மணி வாக்குல வந்தாங்க. போட்டுட்டுப் போய்ட்டாங்க."

நான் பேர் கேட்கவில்லை. எனக்கென்ன, சீல் வைத்தால் போதும் என்றிருந்தது. மறுநாள் பேப்பரில், புறக்கணிப்பு என்று சொன்ன ஊரிலும் வாக்குப்பதிவு நடந்தது என்று வந்தது. ஒரு ஓட்டுகூட விழாத சாவடி என்றால் கலெக்டர் வந்திருப்பார், டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள். ஒன்று விழுந்துவிட்டதால் யாரும் வரவில்லை. வாக்கு எண்ணிய அன்று இன்னொரு கூத்து. அந்த இயந்திரத்தில் இருந்ததே ஒரு ஓட்டு. அது யாருக்கு விழுந்தது என்று மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது. போட்டது யார் என்பதை ஊர் அதற்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தது. விரலில் வைத்த மை லேசில் போகிறதா?

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய திருத்தத்தில், அந்த ஊரிலிருந்து ஏழாம் எண் படிவங்கள் ஆறு வந்தன. இறந்தவர் பேரை நீக்கச் சொல்லும் படிவம் அது. விசாரணைக்கு நான் போனேன். என் விசாரணை முறையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வாசலில் நின்று பேர் சொல்லிக் கேட்பேன். உள்ளே சுவரில் மாலை போட்ட போட்டோ, அதன் கீழே விளக்கு. அதைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டு "இறப்பு உறுதி" என்று எழுதிவிடுவேன். துக்க வீட்டில் தோண்டித் துருவுவது எனக்குக் கூச்சம். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் எழுதினோம்.

ஆறாவது வீடு ஏழுமலையுடையது. நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற நடுத்தர விவசாயி, நெட்டையான மனிதர். நீக்கவேண்டிய பேர் அவர் மகள் பச்சையம்மாளுடையது. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். சாமந்தி மாலை அன்று காலையில் போட்டதாக இருக்கவேண்டும், இன்னும் ஈரமாக இருந்தது.

"எப்போ தவறினாங்க?"

"போன எம்.பி. எலெக்‌ஷன் அன்னிக்குங்க" என்றார் ஏழுமலை. சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி சொன்னார். கதவோரம் நின்ற அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அழுகையையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டார் இருவர் கேட்காமலேயே வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அப்போது எங்களுக்குத் தாசில்தாராக ஒரு மேடம் இருந்தார். நீக்கல் படிவங்களில் கையெழுத்துப் போடும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிடுவார். வியர்வை வழிந்தாலும் சரி, காகிதம் ஒன்றுகூட அசையக்கூடாது. எதிரில் நான் நின்று ஒவ்வொரு பேரையும் சத்தமாகப் படிக்கவேண்டும். பேர், தகப்பன் அல்லது புருஷன் பேர், வயது, வீட்டு எண். "முணுமுணுக்காதீங்க. அந்த ஆளு வெளி பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சுப் படிங்க" என்பார். படித்து முடித்ததும் பேனா மூடியைத் திறப்பார், கையெழுத்துப் போடுவார், மறுபடி மூடுவார். ஆறு பேர் என்றால் ஆறு முறை திறந்து மூடுவார். அவசரத்தில் இருக்கிற எனக்கு அந்த மூடிச் சத்தம் எரிச்சலாக வரும்.

ஆறாவது பேரைப் படித்ததும் மூடி திறக்கவில்லை.

"தேதி?"

"போன எம்.பி. எலெக்‌ஷன் அன்னிக்கு மேடம்."

"அன்னிக்கு அந்த பூத்துல ஒரு ஓட்டு விழுந்துச்சே, அது யாரு?"

"தெரியல மேடம். பதிவேடெல்லாம் அப்பவே சீல் ஆயிடுச்சு."

"செத்தது எப்படி?"

"கேக்கலைங்க மேடம். போட்டோவுக்கு மாலை இருந்துச்சு. அவங்க அப்பாவே சாட்சி."

பெற்றவனே சொல்லும்போது அதற்குமேல் அவரும் என்ன செய்வார்? மூடியைத் திறந்தார்.

நான்கைந்து வாரம் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும், என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது மதிக்கலாம். கையில் பழைய வாக்காளர் அட்டை.

"லிஸ்ட்ல என் பேரைக் காணோம்னு சொல்றாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா சார்?"

அட்டையை வாங்கிப் படித்தேன். பச்சையம்மாள், தந்தை ஏழுமலை. சாமந்தி மாலைக்குள் பார்த்த அதே முகம், அதே போட்டோ. நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இந்தம்மா உனக்குத் தெரியறாங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் பல வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

மேடத்திடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தம்மாவக் கூட்டிக்கிட்டு ஊருக்குள்ள போங்க. மறுபடி விசாரிங்க" என்றார், அவ்வளவுதான்.

ஜீப்பில் போகும்போது பச்சையம்மாள் சொன்னார். "என் வூட்டுக்காரரு கிட்னி கெட்டுக் கெடந்தப்போ அப்போ எம்.பி.யா இருந்தவருதான் சார் மெட்ராசு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தாரு. அவரைக் காப்பாத்த முடியல, நான் அப்பா வூட்டுக்கே திரும்பி வந்துட்டேன், அது வேற விசயம். ஆனா லெட்டர் குடுத்தாரில்ல? அவரு மறுபடி நிக்கும்போது நான் எப்படி சார் போடாம இருக்கறது?"

"சத்தியம் செஞ்சீங்களே?"

"கூட்டத்துல நானும் இருந்தேன் சார். கற்பூரத்தை அணைச்சவங்கள்ல நானும் ஒருத்தி. பொய் சொல்லமாட்டேன்."

அந்த ஓட்டுக்குப் பிறகு அவர் அடி அண்ணாமலை அருகே கிரிவலப் பாதையில் ஒரு தகரக் கொட்டகையில் சுண்டலும் டீயும் விற்றுக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி எத்தினி ஆயிரம் பேரு சார். அக்கா டீ, அம்மா தண்ணின்னு ராத்திரி பகலா கூப்பிடறாங்க. அது முடிஞ்சா அடுத்த பௌர்ணமி வரைக்கும் எங்க ஊரு ஆளுங்கதான் அந்த வழியா போவாங்க. வாயத் தொறக்க வேலை இருக்காது. கொரங்குங்க கிட்ட பேசிக்கிட்டிருப்பேன்."

பகல் வெளிச்சத்தில் அந்தத் தெருவில் நடந்தோம். ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் பாத்திரம் கழுவிய ஒரு பெண் தண்ணீரை வீசி ஊற்றினார், அது பச்சையம்மாளின் காலில் விழுந்தது. ஊற்றியவர் நிமிரவில்லை. குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தவுமில்லை, தணிக்கவுமில்லை. எதிரே ஓடிவந்த ஒரு சின்னப் பெண், தெருவில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அந்தத் தேர்தல் நடந்தபோது அவள் பிறந்தேயிருக்கமாட்டாள். ஒரு நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தது.

மளிகைக் கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். "வாங்க சார். என்னா, தனியா வந்திருக்கீங்க?"

என் வலது பக்கம், ஒரு முழ தூரத்தில், பச்சையம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கடைக்காரர் கண்ணைப் பார்த்தேன். அதில் விஷமம் இல்லை, நடிப்பு இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இந்த ஊரில் இருந்தால் எனக்கும் இந்த அம்மா தெரியாமல் போய்விடுவாரோ என்று தோன்றியது.

சாட்சி சொல்ல ஆள் கிடைக்கவில்லை. நானே என் கையால் அறிக்கை எழுதினேன். மேடம் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, பச்சையம்மாளை எதிரில் உட்காரவைத்து, "உங்க பேரை நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். அந்த அம்மா முதலில் முணுமுணுத்தார். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார். பேர் மறுபடி பட்டியலில் ஏறியது.

அந்த முறை ஊர் ஓட்டுப் போட்டது. யார் ஜெயித்தாலும் பாலம் நிச்சயம் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் எழுதியே கொடுத்திருந்தார்கள். வாக்குச்சாவடிக்குள் நான்கு கட்சி ஏஜென்டுகள். அதில் ஒருவர் ஏழுமலை. பச்சையம்மாள் வரும் நேரம் பார்த்து நானும் அங்கே போய் நின்றுகொண்டேன்.

முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பேரையும் உரக்க வாசித்தார். ஆட்சேபம் இருந்தால் ஏஜென்டுகள் அப்போதே சொல்லவேண்டும். இது அந்த ஆள் இல்லை என்று சவால் விடலாம். ஆனால் சவால் விட வேண்டுமானால் எதிரில் ஆள் நிற்பதை ஒப்புக்கொள்ள வேண்டுமே. நான்கு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மை வைத்தார்கள், இயந்திரம் கூவியது, பச்சையம்மாள் போய்விட்டார்.

சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்ததும் பிரச்சினை வந்தது. ஏஜென்டுகள் தங்கள் லிஸ்டில் டிக் போட்டுக்கொண்டே வருவார்கள். இயந்திரம் காட்டிய மொத்தம் அவர்கள் எண்ணிக்கையைவிட ஒன்று ஜாஸ்தி. நான்கு பேரும் நான்கு கட்சி, ஒருவருக்கொருவர் ஆகாது. நான்கு பேர் லிஸ்டிலும் அதே ஒன்று குறைந்தது. "மெஷின்ல கோளாறு சார், கையெழுத்து போடமாட்டோம்" என்றார்கள் ஒரே குரலில். தலைமை அலுவலர் போளூர்ப் பக்கத்து ஆசிரியர், கணக்குத் தாளை என்னிடம் நீட்டிவிட்டார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "முதல்லேர்ந்து பேரைப் படிங்க. வந்தவங்களுக்கு இவங்க 'வந்தாங்க'னு வாயால சொல்லட்டும்" என்றேன். மேடத்தின் வியாதி எனக்கும் தொற்றியிருந்தது. ஆசிரியர் படித்தார். வந்தாங்க, வந்தாங்க, வரல, வந்தாங்க. பச்சையம்மாள், தந்தை ஏழுமலை என்று படித்தார். சத்தமே இல்லை. மறுபடி படித்தார். நான் மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னேன்.

ஏழுமலையின் பேனா லிஸ்ட் மேல் அப்படியே நின்றிருந்தது. தன் பேரோடு சேர்த்து மகள் பேரை மூன்று முறை கேட்டுவிட்டார் மனிதர்.

"வந்துச்சு சார். நான் பாத்தேன்" என்றார்.

மற்ற மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு லிஸ்டைக் குனிந்து பார்த்தார்கள். கணக்கு சரியாகி, கையெழுத்தும் ஆனது. நான் ஜெயித்துவிட்ட திமிரில் ஜீப்பில் ஏறினேன். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன். பாலமும் வந்துவிட்டதாக, எம்.பி. பேர் போட்ட பலகையோடு நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது சுமதியின் போனுக்கு வருகிறேன். மகளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் காலை எட்டரைக்குக் கிரிவலப் பாதையில் அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன். பச்சையம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தார், தலை நரைத்திருந்தது. உள்ளே முக்காலியில் உட்கார்ந்து கொண்டைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தவர் ஏழுமலை.

"எப்போலேர்ந்து பெரியவரே இங்க?"

"அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்துதான் சார். பூத்லேர்ந்து வூட்டுக்குப் போனேன், சோறு வைக்கல. வூட்டுக்காரியக் கூப்பிட்டேன், பேரன கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல." கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பாலம் தெறந்தப்போ போய் ஓரமா நின்னு பாத்துட்டு வந்தேன்."

எனக்கு அந்த நிமிஷம் யார் காலிலாவது விழவேண்டும்போல இருந்தது. கணக்கு சரியாக வேண்டும் என்று நான்தானே மூன்று முறை படிக்கவைத்தேன். ஒரு எண்ணுக்காக ஒரு மனுஷனை ஊரிலிருந்து அழித்துவிட்டேன்.

நான் அங்கேயே வரச் சொல்லியிருந்த சுமதி வந்தாள். பாதைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள், படிவக் கட்டை மார்போடு அணைத்தபடி. பார்வை என் முகத்தில் மட்டும் இருந்தது. நான் பாதையைக் கடந்து அவளிடம் போனேன்.

"சார், அவங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்கன்னு நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன்."

"நான் ரிடையர்டும்மா. என் பேச்சு செல்லாது. நீதான் பாத்து எழுதணும்."

"எனக்கு அந்த ஊர்லதான் சார் வூடு. என் பொண்ணு அங்கதான் படிக்குது."

"தெரியும்மா."

வீட்டுக்குப் போ, நான் கலெக்டர் ஆபீசில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்வதற்குள் அவள் பாதையைக் கடந்துவிட்டாள். கொட்டகை முன்னால் நின்று, இரண்டு படிவங்களை உருவி, நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, இதுல கையெழுத்து போடுங்க. அக்கா, உங்களுக்கும் இருக்குது."

பச்சையம்மாளின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ கொட்டியது. ஏழுமலை படிவத்தை வாங்கி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பேர் எழுதினார். சுமதி அவர்கள் இருவரையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஊர்ப் பக்கமிருந்து புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். கொஞ்ச தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி நடந்தார்கள். பக்கத்தில் வந்ததும் சுமதி முகம் மலர்ந்து கூப்பிட்டாள்.

"என்னா பெரிம்மா, இவ்ளோ சீக்கிரம் புல்லு அறுத்தாச்சா?"

அவர்கள் பேசிக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள். சுமதி இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க, "பெரிம்மா" என்றாள். புல்லுக்கட்டுகள் அசைந்து அசைந்து திருப்பத்தில் மறைந்தன.

அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது.

"காதுல விழல போலிருக்குது சார்" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.